வாக்கியத்தின் தலைப்பில் யாரை நிறுத்துவது? ஆங்கில எழுத்தில் செய்வினையும் செயப்பாட்டுவினையும்

ஆங்கில இலக்கணம் படித்த எவருக்கும் நினைவிருக்கும் பயிற்சி ஒன்று உண்டு. 'ஹி ரோட் எ லெட்டர்' என்ற வாக்கியத்தைக் கொடுத்து, அதைப் பாசிவ் வாய்ஸுக்கு, அதாவது செயப்பாட்டுவினைக்கு, மாற்றச் சொல்வார்கள். 'எ லெட்டர் வாஸ் ரிட்டன் பை ஹிம்' என்று எழுதினால் முழு மதிப்பெண். செயப்படுபொருளை முன்னுக்குக் கொண்டுவா, அதற்குப் பின் 'இஸ்', 'வாஸ்' போன்ற துணைவினையைச் சேர், முதன்மை வினையை மூன்றாம் வடிவத்துக்கு மாற்று, பழைய எழுவாயைக் கடைசியில் 'பை' என்ற சொல்லுக்குப் பின்னால் நிறுத்து என்ற படிகள் நமக்குத் தூக்கத்திலும் மறக்காது. ஆனால் எதற்காக மாற்ற வேண்டும், எப்போது மாற்றக் கூடாது என்ற கேள்வி அந்தப் பயிற்சியில் எழுவதே இல்லை. கடிதத்தை எழுதியவர் யார் என்பதுதான் செய்தி என்றால் முதல் வாக்கியமே போதும். இரண்டாவது வாக்கியம் இலக்கணப்படி சரியானது என்றாலும், அதை எழுதுவதற்குச் சூழல் ஒன்று வேண்டும். பயிற்சித்தாளில் அந்தச் சூழல் இருப்பதில்லை.

வளர்ந்து வேலைக்குப் போய் ஆங்கிலத்தில் அறிக்கையும் கட்டுரையும் எழுதத் தொடங்கும்போது நேர் எதிரான அறிவுரை வந்து சேர்கிறது. 'பாசிவ் வாய்ஸைத் தவிருங்கள்' என்று எழுத்துக் கையேடுகள் சொல்கின்றன. பிழை திருத்தும் மென்பொருள்கள் செயப்பாட்டுவினையைக் கண்டவுடன் அடியில் கோடு போடுகின்றன. பள்ளியில் மாற்றத் தெரிந்தால் பாராட்டு, அலுவலகத்தில் மாற்றினால் குற்றம் என்ற இந்த நிலையில் பலர் குழம்பிப்போய், கோடு போட்ட இடங்களையெல்லாம் செய்வினையாக்கிவிட்டு நிம்மதி அடைகிறார்கள். அப்படித் 'திருத்தப்பட்ட' வரைவுகள் பலவற்றைப் படித்திருக்கிறேன். ஒவ்வொரு வாக்கியமும் தனியாகப் பார்த்தால் நன்றாகவே இருக்கும். பத்தியாகப் படித்தால் தடுக்கித் தடுக்கி நடப்பதுபோல் இருக்கும். ஏன் அப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொள்வதுதான் இந்த விஷயத்தின் மையம் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் செயப்பாட்டுவினை எது என்பதில் உள்ள குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். வாக்கியத்தில் 'வாஸ்' இருப்பதாலேயே அது செயப்பாட்டுவினை ஆகிவிடாது. 'ஷி வாஸ் ரைட்டிங்' என்பது செய்வினைதான், அவள் எழுதிக்கொண்டிருந்தாள். 'ஹி டைட்' என்பதும் செய்வினையே. இறந்தவர் எதையும் செய்யவில்லை என்பது பொருளைப் பற்றிய செய்தி. இலக்கணம் பார்ப்பது வினையின் வடிவத்தை. செயப்படுபொருளை ஏற்கும் வினைக்கு மட்டுமே செயப்பாட்டு வடிவம் உண்டு என்பதால், 'டை', 'ஹேப்பன்', 'அக்கர்', 'அப்பியர்' போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகளுக்கு அது கிடையாது.

தமிழ் வழியாக ஆங்கிலம் கற்றவர்கள் இந்த இடத்தில் ஒரு குறிப்பிட்ட தவற்றைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். 'தி ஆக்சிடென்ட் வாஸ் ஹேப்பண்ட்' என்று எழுதிவிடுகிறார்கள். கவனக்குறைவு என்று அதைத் தள்ளிவிட முடியாது. 'விபத்து ஏற்பட்டது' என்ற நம் வாக்கியத்தில் 'பட்டது' என்ற ஒலி இருக்கிறது. 'சொல்லப்பட்டது', 'கட்டப்பட்டது' என்ற சொற்களில் செயப்பாட்டுப் பொருளைத் தருவதும் அதே 'படு'. காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கின்றன. ஆனால் 'ஏற்படு' என்பது தன்னளவிலேயே செயப்படுபொருள் குன்றிய ஒரு வினை. விபத்தை ஒருவர் 'ஏற்பட' முடியாது. 'புறப்படு', 'அகப்படு', 'பயப்படு' ஆகியவையும் இப்படிப்பட்டவையே. இந்த ஒரு வேறுபாட்டைத் தமிழிலேயே தெளிவாகச் சொல்லிக்கொடுத்தால், 'வாஸ் ஹேப்பண்ட்', 'வாஸ் அக்கர்ட்' இரண்டும் பெருமளவு மறைந்துவிடும்.

செயப்பாட்டுவினையை அடையாளம் காண்பதில் தடுமாறுவது கற்பவர்கள் மட்டுமல்லர். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918இல் தம் மாணவர்களுக்காக அச்சிட்டு, பின்னர் 1959இல் எழுத்தாளர் ஈ.பி. வைட்டின் விரிவாக்கத்துடன் உலகெங்கும் பரவிய சிறு கையேட்டில் 'செய்வினையைப் பயன்படுத்துக' என்பது ஒரு முக்கிய விதி. அந்த விதியின் கீழ், 'இப்படி எழுதாதீர்கள், அப்படி எழுதுங்கள்' என்று நான்கு இணைகள் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. திருத்த வேண்டியவையாகக் காட்டப்பட்ட அந்த நான்கில் மூன்று செயப்பாட்டுவினையே அல்ல என்பதை மொழியியலாளர் ஜெஃப்ரி புல்லம் 2009இல் சுட்டிக்காட்டினார். தரையில் காய்ந்த இலைகள் நிறையக் கிடந்தன என்ற பொருளில் 'தேர் வேர்' என்று தொடங்கும் வாக்கியம் அவற்றில் ஒன்று. அது சற்றுத் தளர்ந்த வாக்கியமாக இருக்கலாம், செயப்பாட்டுவினையாக இல்லை. தளர்ச்சியை எல்லாம் 'பாசிவ்' என்ற ஒரே பெயரால் அழைக்கும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது.

ஸ்ட்ரங்கின் விதியைப் பரப்பியவர்கள் அதே பக்கத்தில் அவர் எழுதிய எச்சரிக்கையைப் பரப்பவில்லை என்பது வருத்தத்துக்குரியது. செயப்பாட்டுவினையை முற்றிலும் கைவிடச் சொல்லவில்லை, அது பல நேரங்களில் வசதியானது, சில நேரங்களில் இன்றியமையாதது என்று அவரே சொல்கிறார். ஆங்கில நாடக வரலாற்றில் ரெஸ்டோரேஷன் காலம் எனப்படும் காலத்தின் நாடக ஆசிரியர்களை எடுத்துக்காட்டாக வைத்து, பத்தி அந்த ஆசிரியர்களைப் பற்றியது என்றால் 'அவர்கள் இன்று அவ்வளவாக மதிக்கப்படுவதில்லை' என்ற வடிவமே சரி, பத்தி இன்றைய வாசகர்களின் ரசனையைப் பற்றியது என்றால் 'இன்றைய வாசகர்கள் அவர்களை அவ்வளவாக மதிப்பதில்லை' என்ற வடிவம் சரி என்று விளக்குகிறார். எந்த வாய்ஸ் என்ற கேள்விக்கு விடை வாக்கியத்துக்குள் இல்லை, அது அமரப்போகும் பத்தியில் இருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்வது கடினம். 1946இல் ஜார்ஜ் ஆர்வெல், அரசியலும் ஆங்கில மொழியும் பற்றிய தம் புகழ்பெற்ற கட்டுரையில், செய்வினையைப் பயன்படுத்த முடிகிற இடத்தில் ஒருபோதும் செயப்பாட்டுவினையைப் பயன்படுத்தாதே என்று இன்னும் கடுமையாக விதித்தார். ஆனால் அதே கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே 'இட் இஸ் ஜெனரலி அஸ்யூம்ட்' என்ற செயப்பாட்டுத் தொடர் வருகிறது. பொதுவாக மக்கள் அப்படிக் கருதுகிறார்கள் என்பதுதான் அங்கே வேண்டிய பொருள். கருதுவோர் யார் யார் என்ற பட்டியல் தேவையில்லை. அங்கே அந்த வடிவம் இயல்பாகவே பொருந்துகிறது.

இனி மையத்துக்கு வருவோம். ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல் எழுவாயா, செயப்படுபொருளா என்பதை அது நிற்கும் இடம்தான் சொல்கிறது. வினைக்கு முன்னால் நின்றால் எழுவாய், பின்னால் நின்றால் செயப்படுபொருள். தமிழில் அந்த வேலையை வேற்றுமை உருபு செய்துவிடுகிறது. 'காவலர் திருடனைப் பிடித்தார்' என்றாலும் 'திருடனைக் காவலர் பிடித்தார்' என்றாலும் பிடித்தவர் காவலர்தான். 'ஐ' உருபு ஒட்டிக்கொண்டிருக்கும்வரை திருடனை எங்கே நிறுத்தினாலும் குழப்பமில்லை. எனவே திருடனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம் என்றால், அவனை வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவர நமக்குச் செயப்பாட்டுவினை தேவையே இல்லை. ஆங்கிலத்தில் 'தீஃப்' என்ற சொல்லை அப்படியே முன்னால் நகர்த்தினால் திருடன் காவலரைப் பிடித்ததாகிவிடும். பாதிக்கப்படும் பொருளை வாக்கியத்தின் தலைப்புக்குக் கொண்டுவர அந்த மொழி வைத்திருக்கும் முதன்மையான கருவி செயப்பாட்டுவினை. 'தி தீஃப் வாஸ் காட்' என்பது தயங்கித் தயங்கிச் சொல்லும் பேச்சு அல்ல. நாம் ஓர் உருபால் செய்வதை அவர்கள் வினை வடிவத்தால் செய்கிறார்கள்.

பேச்சுத் தமிழில் 'திருடன் பிடிக்கப்பட்டான்' என்று எவரும் சொல்வதில்லை. 'திருடனைப் பிடிச்சிட்டாங்க' என்பதே வழக்கு. பிடித்தவர் யார் என்று தெரியாவிட்டாலும், தெரிய வேண்டியதில்லை என்றாலும், பலர்பால் வினைமுற்று ஒன்றே போதும். இதை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோய் 'தே காட் தி தீஃப்' என்று எழுதும்போது, 'தே' என்பது முன்னால் சொல்லப்பட்ட யாரையோ குறிப்பதாக எண்ணி வாசகர் பின்னோக்கித் தேடுகிறார். எழுத்து ஆங்கிலத்தில் அந்த இடத்துக்கு உரியது, செய்தவரைக் குறிப்பிடாத செயப்பாட்டுவினை. ஆங்கில உரைநடையில் உண்மையில் வழங்கும் செயப்பாட்டு வாக்கியங்களில் பெரும்பாலானவை 'பை' என்ற தொடர் இல்லாதவை. பயிற்சித்தாளோ ஒவ்வொரு வாக்கியத்திலும் 'பை ஹிம்', 'பை தெம்' என்ற வாலைக் கட்டாயமாக ஒட்டச் சொல்கிறது. அந்த வால் இல்லாமல் எழுதலாம் என்பதுதான் இந்த வடிவத்தின் பெரிய வசதி என்பதை மாணவர் வெகுநாள் கழித்தே கண்டுகொள்கிறார்.

'பை' வரும் வாக்கியங்களுக்கும் தனி நியாயம் உண்டு. எக்ஸ் கதிர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எலும்பு முறிவைக் காண எக்ஸ் கதிர்கள் பயன்படுகின்றன என்று முதல் வாக்கியம் சொல்கிறது. அடுத்த வாக்கியம் 'தே வேர் டிஸ்கவர்ட் இன் 1895 பை வில்ஹெல்ம் ரான்ட்ஜென்' என்று வருகிறது. வாசகர் கையில் ஏற்கெனவே இருக்கும் பொருளான எக்ஸ் கதிர்கள் 'தே' என்ற சொல்லாகத் தலைப்பில் நிற்கின்றன. புதிய செய்தியான ரான்ட்ஜென் என்ற பெயர் வாக்கியத்தின் இறுதியில், அழுத்தம் விழும் இடத்தில் வந்து சேர்கிறது. மூன்றாம் வாக்கியம் 'ஹி' என்று தொடங்கி, 1901இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசை அவர் பெற்றதைச் சொல்லலாம். ஒரு வாக்கியத்தின் முடிவு அடுத்ததன் தொடக்கமாகிறது. இப்போது மென்பொருள் போட்ட கோட்டுக்குப் பயந்து இரண்டாம் வாக்கியத்தை 'வில்ஹெல்ம் ரான்ட்ஜென் டிஸ்கவர்ட் தெம் இன் 1895' என்று மாற்றிப் பாருங்கள். எக்ஸ் கதிர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தவர் முன்னால் அறிமுகமே இல்லாத ஒரு மனிதர் திடீரென்று வந்து நிற்கிறார். பிழை எதுவுமில்லை, ஒரு சிறு தடுக்கல் மட்டும். பத்து வாக்கியங்களில் பத்துத் தடுக்கல் என்றால் வாசகர் களைத்துவிடுகிறார். நான் முன்பு சொன்ன 'திருத்தப்பட்ட' வரைவுகளின் நோய் இதுதான்.

ரான்ட்ஜெனின் வாழ்க்கை வரலாறு எழுதுகிறோம் என்றால் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே அவர் தலைப்பில் நிற்க வேண்டியவர். 'ஹி டிஸ்கவர்ட் எக்ஸ்-ரேஸ்' என்ற செய்வினையே சரி. உண்மை ஒன்றுதான், ஆண்டும் ஒன்றுதான். எதைப் பற்றிய பத்தி என்பது மாறியவுடன் வினை வடிவமும் மாறுகிறது.

செயப்பாட்டுவினையின் மீது உள்ள கோபத்துக்கு வேறொரு வேர் இருக்கிறது, அந்தக் கோபம் நியாயமானது. செய்தவரைச் சொல்லாமல் விட முடியும் என்ற வசதி, சொல்ல வேண்டிய இடத்திலும் சொல்லாமல் தப்பிக்க இடம் தருகிறது. 'மிஸ்டேக்ஸ் வேர் மேட்' என்ற தொடர் அமெரிக்க அரசியலில் இதற்கு அடையாளமாகவே ஆகிவிட்டது. வாட்டர்கேட் விவகாரத்தின்போது 1973இல் அதிபர் நிக்சனின் செய்தித் தொடர்பாளர் ரான் சீக்லர் தவறுகள் நேர்ந்ததாகப் பேசியதும், ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் 1987இல் அதிபர் ரீகன் நாடாளுமன்ற உரையில் பெருந்தவறுகள் செய்யப்பட்டன என்று சொன்னதும் இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. அரசியல் விமர்சகர் வில்லியம் ஷ்னைடர் இந்த வடிவத்துக்கு, குற்றத்திலிருந்து விடுவிக்கும் இறந்தகாலம் என்ற பொருளில் ஒரு பெயரே சூட்டினார். இவர்களுக்கெல்லாம் முன்னால், 1876இல் அதிபர் கிராண்ட் தம் கடைசி ஆண்டுச் செய்தியில் இதே தொடரைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் தவறுகள் செய்யப்பட்டுள்ளன என்றதோடு நிற்காமல், அதை எல்லோரும் காணலாம், நானும் ஒப்புக்கொள்கிறேன் என்ற பொருளில் 'ஐ அட்மிட்' என்று சேர்த்தார். அந்த ஒரு 'ஐ' வந்தவுடன் வாக்கியத்தின் நேர்மை மாறிவிடுகிறது. செயப்பாட்டு வடிவம் அப்படியே இருக்கிறது, பொறுப்பு காணாமல் போகவில்லை.

இதை அருகிலிருந்து பார்க்க எனக்கு வாய்த்தது ஒரு கடிதத்தின் மூலம். ஓர் அலுவலகத்துக்கு அனுப்பிய என் விண்ணப்பத்துக்கு நெடுநாள் பதில் இல்லாமல், நினைவூட்டிய பிறகு வந்த கடிதத்தில் 'யுவர் அப்ளிகேஷன் வாஸ் மிஸ்பிளேஸ்ட். தி டிலே இஸ் ரிக்ரெட்டட்' என்று இரண்டே வாக்கியங்கள். தொலைத்தவர் இல்லை, வருந்துபவரும் இல்லை. விண்ணப்பம் தானாகத் தொலைந்து, தாமதம் யாராலோ வருந்தப்படுகிறது. அதையே 'வி மிஸ்பிளேஸ்ட் யுவர் அப்ளிகேஷன், அண்ட் வி ஆர் சாரி' என்று எழுதியிருந்தால் எழுத்தின் அளவு கூடியிருக்காது. படித்தவனின் மனம் ஆறியிருக்கும். ஆனால் அதற்கடுத்து ஒரு வாக்கியம் தேவைப்பட்டது, அது செயப்பாட்டுவினையாகவே இருந்திருக்கலாம்: 'யுவர் அப்ளிகேஷன் ஹாஸ் நவ் பீன் ஃபவுண்ட்'. கண்டெடுத்தவர் யார் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்கு வேண்டியது விண்ணப்பத்தின் நிலை. ஒரே கடிதத்தில், ஒரே விண்ணப்பத்தைப் பற்றி, ஓரிடத்தில் செய்வினை கடமையாகவும் அடுத்த இடத்தில் செயப்பாட்டுவினை இயல்பாகவும் அமைகிறது.

செய்தவரை மறைக்க விரும்புபவருக்குச் செயப்பாட்டுவினை மட்டும்தான் வழி என்று எண்ணிவிடவும் கூடாது. 'எர்ரர்ஸ் அக்கர்ட்' என்பது முழுமையான செய்வினை. பொறுப்பேற்க அதிலும் ஆளில்லை. 'தி கன் வென்ட் ஆஃப்' என்பதில் துப்பாக்கி தானாக வெடிக்கிறது. வினையைப் பெயராக்கி 'தி டெர்மினேஷன் ஆஃப் தி சர்வீஸ்' என்று எழுதினால் வேலையிலிருந்து நீக்கியவரும் மறைகிறார், நீக்கப்பட்டவரும் மறைகிறார். நம் இலக்கணம் இந்த வகையை வெகு காலத்துக்கு முன்பே கண்டது. 'செயப்படு பொருளைச் செய்தது போலத் தொழிற்படக் கிளத்தலும் வழக்கியல் மரபே' என்கிறது தொல்காப்பியம். அதற்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டு 'திண்ணை மெழுகிற்று'. மெழுகியவர் ஒருவர், மெழுகப்பட்டது திண்ணை. வாக்கியத்திலோ திண்ணையே எழுவாயாகி நிற்கிறது. ஆங்கிலத்தின் 'தி புக் செல்ஸ் வெல்', 'தி டோர் ஓப்பண்ட்' ஆகியவை இதற்கு நெருங்கிய உறவுகள். எனவே பொறுப்பைத் தேடுபவர் 'வாஸ்' என்ற சொல்லைத் தேடுவதைவிட, இதைச் செய்தது யார் என்ற கேள்வியை ஒவ்வொரு வாக்கியத்திடமும் கேட்பது பயனுள்ளது.

அறிவியல் எழுத்தில் இந்தச் சிக்கலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1672இல் ஒளியைப் பற்றி ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் நியூட்டன், முக்கோணக் கண்ணாடிப் பட்டகம் ஒன்றை நான் வாங்கினேன் என்று தன்மை ஒருமையில், செய்வினையில்தான் தொடங்குகிறார். ஆய்வாளர் மறைந்து ஆய்வு மட்டும் பேசும் நடை பின்னர் மெல்ல வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டில் ஆய்விதழ்களின் பொது வழக்கமானது. யார் செய்தாலும் ஒரே முடிவு வர வேண்டும் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. இருந்தும், 1953இல் டிஎன்ஏவின் கட்டமைப்பை அறிவித்த வாட்சன், கிரிக் கட்டுரை 'வி விஷ் டு சஜஸ்ட்' என்றுதான் தொடங்கியது. அந்தக் கட்டுரை வெளிவந்த நேச்சர் இதழ் இன்று ஆசிரியர்களைச் செய்வினையில் எழுதவே கேட்டுக்கொள்கிறது. என் எண்ணத்தில் இரண்டுக்கும் இடமுண்டு. செய்முறையை விவரிக்கும் பகுதியில் 'தி சாம்பிள்ஸ் வேர் ஹீட்டட் டு 90 டிகிரீஸ்' என்பதே நேரானது. சூடாக்கிய கை யாருடையது என்பது எவருக்கும் பொருட்டல்ல. முடிவைச் சொல்லும் பகுதியில் 'இட் இஸ் பிலீவ்ட்' என்று எழுதுவது வேறு. நம்புவது உலகமா, இந்தத் துறையினரா, கட்டுரை எழுதியவர்கள் மட்டுமா என்பதைப் பொறுத்து அந்தக் கூற்றின் எடையே மாறுகிறது. அங்கே 'வி பிலீவ்' என்று எழுதுவது வாசகருக்குச் செலுத்தும் கடன்.

ஒப்பந்தங்களில் இதே விடுபடல் பணத்தையும் வழக்கையும் தொடுகிறது. 'நோட்டீஸ் ஷல் பி கிவன்' என்ற விதியில் அறிவிப்பு கொடுக்க வேண்டியவர் யார், பெற வேண்டியவர் யார் என்பது இல்லை. 'தி சம் ஷல் பி பெய்ட் பை தி ஃபிஃப்த் டே' என்பதில் 'பை' இருப்பதால் செலுத்துபவர் சொல்லப்பட்டுவிட்டதுபோல் ஒரு மயக்கம் ஏற்படும். அந்தப் 'பை' காலக்கெடுவை மட்டுமே குறிக்கிறது. கடமையைச் சுமத்தும் வாக்கியத்தில் சுமப்பவரை எழுவாயாக்கிவிடுவதே பாதுகாப்பானது.

எழுதி முடித்த வரைவைச் சோதிக்க நான் செய்வது எளிய வேலை. ஒரு பத்தியை எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தின் எழுவாயை மட்டும் வரிசையாகத் தனித்தாளில் எழுதிக்கொள்வேன். எக்ஸ் கதிர்களைப் பற்றிய பத்தி என்றால் கதிர்கள், அவை, அவர், அந்தப் படம், மருத்துவர்கள், அந்தப் படம் என்பதுபோல் ஒன்றைத் தொட்டு ஒன்று வர வேண்டும். இடையில் தொடர்பில்லாத பெயர் ஒன்று துருத்திக்கொண்டு நின்றால், பெரும்பாலும் செயப்பாட்டுவினை வேண்டிய இடத்தில் வலிந்து செய்வினை போடப்பட்டிருக்கும். பிறகு அந்தத் தாளைத் தள்ளிவைத்துவிட்டு, செய்தவர் சொல்லப்படாத வாக்கியங்களை மட்டும் மறுபடி படிப்பேன். அந்த மாதிரிகளைச் சூடாக்கியது யார் என்று எவரும் கேட்கமாட்டார் என்றால் வாக்கியம் அப்படியே இருக்கும். விண்ணப்பத்தைத் தொலைத்தது யார் என்று கேட்க ஒருவர் இருக்கிறார் என்றால், அந்தப் பெயர் எழுவாயாக வந்து நிற்கும்வரை அந்த வாக்கியத்தை விடமாட்டேன்.